இரண்டாவது பிரேக்

வாடகைக்கு வந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நடுவில் வழிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார் மாஸ்டர். இறக்கிவிட்டுப் போனவர்கள் ஏதோ பொதுக்கூட்டத்துக்குப் போடுவதுபோல ஒன்றோடொன்று இடிக்கும்படி போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் நடுவில் உட்கார்ந்தவர் எழுந்து போக நாலைந்து முழங்கால்களைத் தாண்ட வேண்டும். அது கூடாது.

"டேய், உள்ள பொண்டாட்டிய கிடத்தி வெச்சிருக்கு. நீ இங்க நாற்காலி நகத்திட்டு இருக்கே. அதுக்கு ஆளா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே அவருடைய அக்கா வெளியே வந்தாள்.

"யாராவது எழுந்து போகணும்னு நினைச்சா, யாரையும் தாண்டாம போகணும்க்கா."

"சாவு வீட்டுக்கு வந்தவங்க எதுக்குடா எழுந்து ஓடப்போறாங்க?"

"சில பேர் ஓடுவாங்க," என்றார் மாஸ்டர். கடைசி நாற்காலியை வாசலை ஒட்டித் தனியாகப் போட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துக்கத்தில் தம்பிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு செய்திருப்பாள். அவள் தொலைபேசி நிலையத்தில் ஒயரைச் செருகிப் பேச்சை இணைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். காலம் மாறி அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் யார், எங்கிருந்து, யாரிடம் பேச வேண்டும் என்று கேட்கிற பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு மாஸ்டர் பயந்துகொண்டிருந்தது அந்தப் பழக்கத்துக்குத்தான்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். வாய் ஓயாத மனிதர். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்குக் கை நடுங்கும். பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே வந்தால் நடுக்கம் போய்விடும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ, அடுத்தவர் பேசுவதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவள். குடியிலும் மற்ற போதைகளிலும் மாட்டிக்கொண்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறுகிற மையத்தில் ஆலோசகர். அங்கே கேட்டதை இங்கே சொல்ல மாட்டாள். அதனால் மாஸ்டர் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாய்ப்பூட்டு.

"இன்னைக்கு என்ன விசேஷம் வாய்ப்பூட்டு?" என்று சாயங்காலம் கேட்பார்.

"ஒருத்தர் சிரிச்சார்," என்பாள்.

யார், என்ன தொழில், எந்தத் தெரு, ஒன்றும் கிடையாது. ஒருத்தர் வந்தார். ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனார். ஒருத்தருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மகள் சின்ன வயதில் இதெல்லாம் ஒரே ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "பாவம்ப்பா அந்த ஒருத்தர், எத்தனை தடவைதான் அவருக்குக் குழந்தை பிறக்கும்?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட, புருஷனும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் வேலையைப் பற்றி, ஆளை விட்டுவிட்டு, நிறையச் சொல்லியிருக்கிறாள். அவள் முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்தாள். குடித்துவிட்டு வண்டியோடு விழுந்தவர்களுக்குத் தையல் போடும்போது கூட நிற்பாள். அதே ஆள் கொஞ்ச நாளில் வேறு இடத்தில் கிழிந்து வருவார். "நாம என்ன துணியா தைக்கிறோம்?" என்று ஒருநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தாள். அப்புறம் மாலை வகுப்பில் சேர்ந்து படித்து, மையத்துக்கு மாறினாள். அப்போது அந்த மையத்தின் அறைகளுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். உள்ளே இருப்பவர்களைத் திட்டுவதற்குச் சிகிச்சை என்று பெயர். முதல் வருடம் இவளும் எல்லோரையும் போலத் திட்டிப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பிறகு தாழ்ப்பாளோடு சண்டைக்கு நின்றாள். "கழட்டினா எல்லாரும் ஓடிருவாங்கம்மா," என்றார் மேலாளர். "ஓடட்டும் சார். ஓட முடியும்னு தெரிஞ்சாத்தான் உட்கார மனசு வரும்," என்றாள். அவள் அறையில் வருகிறவருக்கு வாசலை ஒட்டிய நாற்காலி. அவளுக்குச் சுவர் மூலையில் ஒன்று. தாழ்ப்பாள் போன வாரத்தில் மேலாளர் சொன்னபடியே சில பேர் ஓடினார்கள். மேலாளர் தினமும் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவள் மூலையில் காத்திருந்தாள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து, "ஒருத்தர் தானா திரும்பி வந்துட்டார்," என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த களையை மாஸ்டர் அவர்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவரே அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமியிருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவள் யாரிடமும் சத்தியம் வாங்க மாட்டாள். வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக வருவார்கள். நீட்டின கையை அப்படியே மடக்கி அனுப்பிவிடுவாள். மாஸ்டருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"சத்தியமும் வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம்னா, எதை நம்பி ஆளை வெளியில விடறே?"

"உங்க கார்ல உங்க காலுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருக்கு மாஸ்டர். அவங்க தப்பு பண்ணினா நீங்க மிதிச்சுடுவீங்க. என் ரூம்ல அது கிடையாது. அவங்ககிட்ட இருக்கற ஒரே பிரேக்குதான். அது பிடிக்கும்னு அவங்க நம்பணும். அவங்களுக்கு முன்னாடி நான் நம்பணும்."

"பிடிக்கலேன்னா?"

"திரும்ப வருவாங்க. சத்தியம் பண்ணிட்டுப் போனவன் என் மூஞ்சியில முழிக்க வெட்கப்பட்டுட்டு வராமலே போயிடுவான். பண்ணாதவன் வந்து, 'மேடம், நேத்து குடிச்சுட்டேன்'னு சொல்லுவான். அங்க இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

கடைத்தெருவில் எதிரே தெரிந்த முகம் வந்தால் அவள் பார்வை தக்காளிக்குப் போய்விடும். அவர்களாக வணக்கம் சொன்னால் சொல்வாள். சொல்லாவிட்டால் யாரோ எவரோ. நாலு பேர் நடுவில் ஒருவருடைய பழைய கதையைத் தன் கண் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் அவரைக் கிட்டே கூப்பிட்டாள். பேசினாலே மூச்சு வாங்கியது.

"நான் போனா சில பேர் வருவாங்க. யாருன்னு கேட்காதீங்க. மத்தவங்களையும் கேட்க விடாதீங்க. கேட்டா ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல உண்மையைச் சொல்லணும். ரெண்டும் அவங்களுக்குக் கஷ்டம்."

"சத்தியமா கேட்கமாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேண்டாம் மாஸ்டர்," என்று சிரிக்கப் பார்த்தாள். "அன்னைக்கு ஒருநாள் வாயைப் பூட்டிக்குங்க. அது போதும்."

இத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்ட கடைசிக் காரியம் அதுதான். வாயை மூடச் சொன்னது. நேற்றுச் சாயங்காலம் அவள் மூச்சு நின்றபோதும், இன்று காலை அவளைக் கூடத்தில் பெட்டிக்குள் படுக்க வைத்தபோதும் அவருக்கு அந்த நினைப்புதான். இதை மட்டும் கோட்டை விட்டுவிடக் கூடாது.

முதலில் அக்கம்பக்கத்தவர்கள் வந்தார்கள். பிறகு மையத்தில் கூட வேலை செய்தவர்கள். அதற்குப் பிறகு அந்தச் சில பேர் வரத் தொடங்கினார்கள்.

அவர்களை மாஸ்டருக்கு ஒரு நிமிடத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. யாரும் கூட்டமாக வரவில்லை. ஒவ்வொருவரும் எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்று, போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு உள்ளே வந்தார்கள். காதில் பென்சில் செருகிய தச்சர் ஒருவர், வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர்போல இருந்தார். பள்ளிக்கூடத்து அடையாள அட்டையைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை வந்தாள். இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தச்சரும் இஸ்திரி சட்டைக்காரரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு பாடுபட்டுத் தெரியாதவர்களாக இருக்க மாட்டார்கள். அவள் கற்றுக்கொடுத்த வித்தையை அவளுக்கு முன்னாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள் அவர் தோளைத் தொட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, இவங்கதானா அந்த ஒருத்தர்?" என்று காதோரம் கேட்டாள்.

"இவங்கதாம்மா."

"இவ்வளவு பேரா?"

மாஸ்டருக்கும் இன்றுதான் தெரியும். வாசல் பக்கம் இன்னும் மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். போட்ட நாற்காலி போதாது போலிருந்தது. அந்தத் துக்கத்திலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குள் அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க யாரு, தெரியலையே?" என்று தச்சரைக் கேட்டாள்.

"இங்க கதவு வேலை பார்த்தேம்மா. ரொம்ப நாள் முன்னாடி."

"எந்தக் கதவு?"

தச்சர் வீட்டின் கதவுகளைச் சுற்றிப் பார்த்து, இருப்பதில் பழசாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினார். அக்கா விடவில்லை. இஸ்திரி சட்டைக்காரரிடம் போனாள்.

"நான் மூக்குக்கண்ணாடிக் கடைங்க. மேடத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கேன்."

"அவ எங்க கண்ணாடி போட்டா? கடைசி வரைக்கும் ஊசியில நூல் கோத்தாளே!"

அவர் பெட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அதாங்க. வந்து பார்த்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

மாஸ்டர் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தார். "அக்கா, உள்ள டீ என்னாச்சுன்னு பாரேன்."

"டீ அதுபாட்டுக்கு கொதிக்கும். ஏன்டா, ஒருத்தன் பேச்சும் சரியா இல்லையே? எல்லாம் தட்டுத்தடுமாறிப் பேசறாங்க."

"துக்கம்க்கா. துக்கத்துல பேச்சு அப்படித்தான் வரும்."

"எனக்குத் துக்கம் இல்லையா? நான் தெளிவாத்தானே பேசறேன்!" என்றாள் அக்கா. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. தம்பி மனைவியைப் பெண் பார்த்து முடித்து வைத்ததே அவள்தான்.

அப்போது அக்காவின் மகன், மாஸ்டரின் மருமகன், வந்து சேர்ந்தான். வெளியூரில் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். விடிந்ததும் பஸ் பிடித்து வந்திருந்தான். ஒரே பிள்ளை. "என் பையன் வெளியில ஒரு வாய் சோடா குடிக்கமாட்டான்," என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அவனுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாஸ்டர்தான். அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவான். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் சுவரில் இடித்தான். நாய் குறுக்கே வந்தது என்றான். அடுத்த மாதமே கம்பெனியில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லி, சில மாதம் ஆளையே காணோம். போன் கூடச் சரியாகக் கிடைக்கவில்லை என்று அக்கா வந்து புலம்பினாள். "பயிற்சின்னா நல்லதுதானே அண்ணி, முடிச்சுட்டு வரட்டும்," என்று அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவள் இப்போது பெட்டிக்குள் இருந்தாள். திரும்பி வந்த பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பழக்கம் விட்டுப்போச்சு மாமா என்பான். ஏன் ஓட்ட மாட்டேன் என்கிறான், கேட்டுத் தொலைக்கட்டுமா என்று மாஸ்டர் குதித்தபோதும் அவள்தான் தடுத்தாள். "கேட்காதீங்க. சாவியை மேசை மேல வைங்க. எடுக்கத் தோணும்போது எடுப்பான்." வருகிறபோதெல்லாம் மாஸ்டர் சாவியை வைத்துப் பார்த்திருக்கிறார். அவன் எடுத்ததில்லை.

அவன் பெட்டியருகே போய் நின்றான். பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதான். நிறுத்த முடியவில்லை.

"அழாதடா. உனக்கு அத்தைன்னா பாசம்தான். அதுக்காக இப்படியா?" என்று அக்கா அவன் முதுகைத் தடவினாள். அவள் குரலில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆஜானுபாகுவான ஒருவர் வாசலில் தலை குனிந்து நுழைந்தார். மீசையும் காக்கிச் சட்டையுமாக, ரோட்டுப் புழுதியோடு.

"நீங்க யாருங்க?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"லாரி டிரைவர்மா. சேதி கேட்டதும் வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஓடியாறேன்," என்றவர், அதற்கு மேல் அவளைக் கவனிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவனைப் பார்த்தார். துக்கம் அவருக்கு எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. அவனை அப்படியே இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி! நீங்களும் வந்துட்டீங்களா? நல்லா இருக்கீங்கல்ல? மேடம் போயிட்டாங்கன்னு விட்டுடாதீங்க தம்பி, கெட்டியா இருங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கை தானாகக் கீழே இறங்கியது. தச்சர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

மாஸ்டருக்கு இப்போதுதான் புரிந்தது. சுவர், நாய், பயிற்சி, கிடைக்காத போன், எல்லாம் ஒரே நேரத்தில் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. மருமகன் அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பெற்ற தாய் பக்கத்தில் நிற்கிறாள், நாலு சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். மனைவியோ அவரை வாயைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் இப்போது பூட்டிக்கொண்டிருந்தால் அவன் மாட்டிக்கொள்வான்.

"என்கிட்ட கார் கத்துக்கிட்டவங்கக்கா," என்றார். "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வந்தாங்க."

அக்கா லாரி டிரைவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "லாரி ஓட்டறவர் உன்கிட்ட வந்து கார் கத்துக்கிட்டாரா?"

"லாரி ஓட்டறவங்களுக்குத்தான் கார் கஷ்டம். சின்ன வண்டிதானேன்னு ஒரு அலட்சியம் வந்துடும். இவரு ரிவர்ஸ்ல ரெண்டு தடவை கம்பத்துல இடிச்சாரு."

லாரி டிரைவர் கண்ணைக் கொட்டினார். பிறகு, "மூணு தடவைங்க," என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் இஸ்திரி சட்டைக்காரர் எழுந்து நின்றார். "நானும் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டவன்தாம்மா."

"நீங்க கண்ணாடிக் கடைன்னீங்களே?"

"கடைக்குக் கார்லதாங்க போறேன்."

"நானும்தான்," என்றார் தச்சர்.

"நானும்மா," என்றாள் ஆசிரியை. இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாக எழுந்தது. நானும். நானும்தாங்க. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அவர்களும் எழுந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கினார்கள். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அக்கா எல்லோரையும் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்தாள்.

"இத்தனை பேருக்காடா?" என்றாள்.

"இத்தனை பேருக்கும்க்கா," என்றார் மாஸ்டர். பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருத்தருக்குக்கூட நான் பிரேக் மிதிச்சதில்ல. எல்லாம் அவங்கவங்க காலாலயே நிறுத்தினாங்க." சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் ஏறியது. சொந்தத் தொழிலைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகனுடைய கலைந்த காலரை இழுத்துச் சரிசெய்தாள். பெட்டியருகே போய், போர்த்தியிருந்த துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஏம்மா, என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே நீ," என்றாள், தனக்குள் பேசுவதுபோல.

மாஸ்டருக்கு அது கேட்டது. கேட்காததுபோல நகர்ந்து, கொல்லைப்பக்கம் குழாயடிக்குப் போனார்.

முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மருமகன் நின்றுகொண்டிருந்தான்.

"மாமா..."

"நான் ஒண்ணும் கேட்கலப்பா."

"தெரியும் மாமா. நானாத்தான் சொல்றேன்." அவன் குழாயைத் திருகி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "அத்தை என்னைப் பார்க்கல. தன் சொந்தக்காரங்களுக்குத் தானே ஆலோசகரா இருக்கக் கூடாதுன்னு இன்னொரு மேடம்கிட்ட விட்டுட்டாங்க. மையத்துல இருந்த அத்தனை மாசமும் அவங்க என் கண்ணுலயே படல. நான் கூட, அத்தைக்கு நம்மள பிடிக்கலைபோலன்னு நினைச்சேன். கிளம்பற அன்னைக்குத்தான் வாட்ச்மேன் சொன்னார். நான் சேர்ந்த நாள்லேர்ந்து மேடம் பின்பக்கச் சந்து வழியாத்தான் வந்து போறாங்கன்னு. எதிர்ல பார்த்தா எனக்குக் கூசுமேன்னு."

மாஸ்டருக்கு அவளுடைய செருப்பு ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் சேறும் சகதியுமாக வந்த செருப்பு. வாசல் படியைக் கழுவிக் கழுவி அவருக்கு அலுத்துப்போனது. "மையத்துக்கு நல்ல ரோடு இருக்கும்போது நீ எந்தக் காட்டுவழியா போறே?" என்று கத்தியிருக்கிறார். "அந்தப் பக்கம் மரம் நிறைய இருக்கு, பார்க்க நல்லா இருக்கு," என்றாள். பொய் சொல்ல மாட்டாள். அந்தச் சந்தில் மரங்கள் இருப்பது உண்மைதான்.

"அவ்வளவு சேறும் உனக்காகத்தானாடா?" என்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல." அவனுடைய பிடரியைப் பிடித்து ஒரு முறை குலுக்கினார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. வாழ்நாளில் முதல் முறையாகப் பேச வரவில்லை.

மத்தியானம் வண்டி வந்தது. எழுந்து நின்றவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கும்போது ஒருவர் பேரை ஒருவர் கூப்பிடவில்லை. "கொஞ்சம் இடது பக்கம்," "மெதுவா," "பார்த்து," என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். மகள் வண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

பின்னால் போவதற்கு மாஸ்டருடைய கார் வாசலில் நின்றது. டிரைவிங் ஸ்கூல் கார், கூரைமேல் பலகையோடு. சாவி இரண்டு முறை அவர் விரலிலிருந்து நழுவியது.

"நான் ஓட்டறேன் மாஸ்டர்," என்று லாரி டிரைவர் கையை நீட்டினார்.

"இருக்கட்டுங்க. நீங்க முன்னாடி போங்க," என்றார் மாஸ்டர். திரும்பி உள்ளே போனார். கூடத்து மேசைமேல் சாவியை வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து குனிந்து செருப்பின் வாரை மாட்டத் தொடங்கினார். அது மாட்ட இவ்வளவு நேரம் ஆகிற வார் இல்லை. ஒரு காலை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினார்.

உள்ளே சாவிக்கொத்து மேசையில் உரசிய சத்தம் கேட்டது.

அவர் நிமிர்வதற்குள் அக்கா படியிறங்கிவிட்டாள். நேரே போய்க் காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். யார் ஓட்டுவது என்று கேட்கவில்லை. எந்த வழியாகப் போவது என்றும் கேட்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

மாஸ்டர் தன்னுடைய வழக்கமான இடத்தில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், ஏறிக்கொண்டார். காலடியில் அந்த இரண்டாவது பிரேக் இருந்தது. எத்தனையோ பேருக்காக மிதித்து மிதித்து அதன் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து வழவழத்திருந்தது. மருமகன் சீட்டைச் சரிசெய்தான். கண்ணாடியைத் திருப்பினான். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்துவிட்டு, மூச்சை இழுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனையில் ஒரு சைக்கிள் திடுதிப்பென்று குறுக்கே வந்தது. மாஸ்டரின் வலது கால் அவரைக் கேட்காமல் எழும்பியது. அது பெடலைத் தொடுவதற்குள் கார் மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல், நின்றிருந்தது. சைக்கிள்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். முன்னால் அவளுடைய வண்டி வலதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

மருமகன் கியரை மாற்றினான். மாஸ்டர் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, சீட்டுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டார்.